ஷேன் லாங் கையில் முதலில் மட்டை

ஆட்டம் தொடங்கி 7.69 விநாடி. 2019 ஏப்ரலில் வாட்ஃபோர்டுக்கு எதிராக சவுத்தாம்ப்டனின் ஷேன் லாங் அடித்த கோல், இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கிலேயே அதிவேகம் என்று பதிவானது. எதிராளி உதைத்த பந்தைப் பாய்ந்து மறித்து, கீப்பர் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார்.

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அதில் தெரிவது அயர்லாந்தின் மட்டைப்பந்து விளையாட்டான ஹர்லிங்தான். அயர்லாந்தின் டிப்பரரிக்காரர் அவர். அந்த மாவட்டத்தின் இளையோர் அணிக்கு ஹர்லிங் ஆடி, டப்ளினின் குரோக் பார்க் மைதானம் வரை போனவர். ஆஷ் மர மட்டை, கைக்குள் அடங்கும் தோல் பந்து. எதிராளி ஓங்கும் மட்டைக்குக் குறுக்கே துணிந்து பாய்ந்து மறிப்பது அங்கே பால பாடம்!

2015-இல் அப்போதைய உலக சாம்பியன் ஜெர்மனியை டப்ளினில் அயர்லாந்து 1-0 என்று சாய்த்த கோலும் இவருடையதே. நெடுந்தூரம் பறந்து வந்த பந்து, ஓங்கி ஒரு அடி. இன்றும் சிலிர்க்கிறது.