பீலிக்கு மேலே உள்ள சரிவு

களப்பை, அதாவது கடலோடு சேர்ந்த உப்பேரியை, காப்பாற்றுங்கள் என்று மட்டக்களப்பு மீனவரிடம் யாரும் பிரசங்கம் பண்ணத் தேவையில்லை. கரையோரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களின் வேர்களுக்குள்தான் இறால் குஞ்சு வளர்கிறது. கண்டல் போனால் வலையும் வெறுமையாகத்தான் வரும். பயிற்சிக்காக அங்கே போயிருந்தபோது மீனவர் சங்கத்து ஐயா ஒருவர் நட்ட கன்றுகளைக் காட்டிக்கொண்டே பேசினார். அவர் பேச்சில் ‘சுற்றாடல்’ என்ற சொல்லே வரவில்லை. வலைக்கடன், இறால் விலை, பிள்ளைகளின் படிப்பு, இவ்வளவுதான்.

அந்தச் சங்கம் மாதிரியே தண்ணீரைக் காக்கும் குழுக்களை மலையகத் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மஸ்கெலியாவில் அமைப்பது எங்கள் நிறுவனத்தின் திட்டம். காகிதத்தில் அழகாக இருந்தது.

மவுசாக்கலை அணை 1969இல் மஸ்கெலியா ஓயா என்ற ஆற்றை மறித்துக் கட்டியது. பழைய மஸ்கெலியாப் பட்டணம் அந்த நீர்த்தேக்கத்துக்குள்தான் கிடக்கிறது. கடும் வரட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும், படம் பிடிக்கக் கூட்டம் வரும். தண்ணீர் மின்சாரத்துக்கு, கரையோரத் தேயிலை தோட்ட நிர்வாகத்துக்கு. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருக்கிற சனத்துக்கு அந்த டேமில் என்ன இருக்கிறது? இந்தத் தண்ணீர் கெனியன், லக்சபான மின்நிலையங்களைச் சுற்றிவிட்டு, கெஹெல்கமு ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. அம்பத்தலையில் அதை இறைத்துச் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது. மிச்சம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. இதையெல்லாம் லயத்துச் சனத்தின் கூட்டத்தில் படம் போட்டு விளக்கினேன். பின்வரிசையில் இருந்த கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் கேட்டார்:

“கொழும்புக்காரங்க தண்ணிய நாங்க பாத்துக்கணும், சரி. மழ பேஞ்சா எங்க பீலியில சேத்துத் தண்ணி வருதே, அத யாரு மிஸ் பாக்குறது?”

பீலி என்பது மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழுகிற இடம், லயத்துக்குக் குடிதண்ணீர் அங்கேதான். கூட்டத்தின் பேச்சு அதோடு பீலிக்குப் போய்விட்டது. நான் தடுக்கவில்லை.

பீலிக்கு மேலே ஏறிப் பார்த்தால் டேமுக்கு வருகிற நோய் முழுவதும் அங்கேயே இருந்தது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டி (தாழ நறுக்கி) விட்ட மலை, மூடாத வெறும் மண். மழைநீர் வடியும் கான்கள் தூர்ந்து கிடந்ததால் மழைத்தண்ணீர் நேராகச் சரிவில் இறங்கியது. ஊற்றுக்குச் சற்றுத் தள்ளி மரக்கறிப் பாத்திகள், அதற்கும் மேலே பழைய கக்கூசுக் குழி. உரத்தில் உள்ள பொஸ்பரஸ் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டுதான் நகரும். மண் டேமுக்குப் போனால் அதுவும் போகும். தேங்கி நிற்கிற தண்ணீரில் பாசி பச்சைக் குழம்பாகப் பரவுவதற்கு அதுவே தீனி. நீலப்பச்சைப் பாசி விடுகிற சில நஞ்சுகள் கொதிக்க வைத்தாலும் போகாது. இதைச் சொன்னபோது மட்டும் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பக்கம் எல்லாரும் தண்ணீரைச் சுட வைத்தே குடிக்கிறவர்கள்.

டேமுக்கென்று அமைக்க இருந்த குழு பீலிக்குழுவாக மாறியது. ஊற்றைச் சுற்றிப் பூச்சி, களை மருந்து அடிப்பதில்லை, பாத்திகளைக் கீழே தள்ளுவது, வெறும் சரிவில் மண்ணைப் பிடித்துவைக்கும் மானாப்புல் நடுவது, வைகாசி மழைக்கு முன்னால் கான் வெட்டுவது என்று பெண்களே முடிவெடுத்தார்கள். கான் வேலைக்குத் தோட்டம் பெயர் போடுமா, அதாவது நாட்சம்பளக் கணக்கில் எழுதுமா, இல்லை சும்மா செய்ய வேண்டுமா என்பதில்தான் நீண்ட சண்டை. நியாயமான சண்டை என்றே எனக்குப் பட்டது. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நாட்சம்பளத்துக்கு நிற்கிறவர்களிடம் ‘தன்னார்வம்’ கேட்பது எனக்கு எப்போதுமே கொஞ்சம் கூச்சம்.

டேம் கரையில் போத்தல் பொறுக்கும் நாட்களும் நடந்தன. மார்கழியிலிருந்து வைகாசி வரை சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் நல்லதண்ணிப் பக்கம் விட்டுச்செல்லும் குப்பை ஓயாவோடு கீழே வருகிறது. 2021 மார்ச்சில் சின்னச் சஷே பைக்கற்றுகளுக்குத் தடை வந்தும் ஷாம்பு உறைகள் இன்னும் அகப்படுகின்றன. பொறுக்கத்தான் வேண்டும். ஆனால் பதாகையோடு படமெடுக்க வருகிற பெரியவர்கள் கான் வெட்டும் நாளில் எட்டிப் பார்ப்பதில்லை. கலங்கல் படத்தில் விழாது, போத்தல் விழும்.

பாத்திகள் இறங்கிவிட்டன. புல்லும் பிடித்துவிட்டது. கக்கூசு மட்டும் அப்படியே நிற்கிறது. லயமும் நிலமும் தோட்டத்துடையது, குழியை மாற்ற அவர்கள் கையெழுத்து வேண்டும். முந்தைய துரை (தோட்ட முகாமையாளர்) சரி என்று வாயால் சொன்னார், பிறகு மாற்றலாகிப் போனார். இப்போது புதியவருக்குக் கடிதம் எழுதுகிறோம். என் நிறுவனத்தின் தலைப்புத்தாளில் எழுதவா என்று கேட்டேன்.

“வேணாம் மிஸ், நீங்களும் ஒரு நாள் மாறிப் போயிருவீங்க” என்றார் அதே அக்கா. கொப்பித்தாளில் அவர்கள் பெயரிலேயே எழுதி, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கையிலும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறார்கள்.