ஃபோர்வீல் கியர் பொக்ஸ், டூவீல் கெப்

ஜனவரி 6, 2024, சனி. மாங்குளம்

என் பிக்கப் கெப் நேற்றிரவு ஒட்டுசுட்டான் றோட்டில் நின்றுவிட்டது. ‘டி’யில் போட்டால் எஞ்சின் மட்டும் கத்துகிறது, சில்லு அசையவில்லை. ரிவேர்ஸ் ஒழுங்காகப் பிடிக்கிறது. கராஜ் அண்ணைக்கு அந்த ஒரு தகவலே போதும். “முன் கிளச் முடிஞ்சுது தம்பி. முன்னுக்குப் போற எல்லாக் கியருக்கும் அதுதான் வேணும், ரிவேர்ஸுக்குத் தேவையில்லை.” ஒயில் பானைக் கழற்றினார். கருகின மணம். அடியில் இருக்கும் காந்தத்தில் பாசி மாதிரி இரும்புத்தூள்.

வண்டி பழைய ஹைலக்ஸ், பின்சில்லு மட்டும் இழுப்பது. எனக்கு முன் வைத்திருந்தவர் ஒரு டொயோட்டா சேர்ஃப் ஜீப்பின் எஞ்சினையும் ஏ340ஈ ஓட்டோ கியர் பொக்ஸையும் இதற்குள் ஏற்றிவிட்டார். வேறு வண்டி பார்க்கலாமென்றால், 2020 மார்ச்சில் நிறுத்திய இறக்குமதி இன்னும் திறக்கவில்லை. பழசுகளின் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. காலபோக நெல் வெட்டு வேறு தொடங்கப்போகிறது. திருத்தத்தான் வேண்டும்.

ஜனவரி 9, செவ்வாய்

கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பியதில் ஏ340ஈ கிடைக்கவில்லை. ஏ340எஃப் இருக்கிறதாம், அதாவது ஃபோர்வீல் வண்டிக்குரியது. வாட் வரி முதலாம் திகதியிலிருந்து 18 வீதம். கடைக்காரர் அதைச் சொல்லித்தான் பேச்சையே தொடங்கினார்.

அண்ணை எடுக்கச் சொல்லிவிட்டார். “340க்குப் பின்னால எச் எண்டு எழுதியிருந்தா மட்டும் தொடாதையும். அதில முன்சில்லுக்கும் இழுவையைப் பிரிக்கிற ட்ரான்ஸ்ஃபர் பெட்டியும் கியர் பொக்ஸோட சேர்ந்தே வரும், ஹைட்ரோலிக்கில வேலை செய்யும். அது வேற சாதி.”

ஜனவரி 12, வெள்ளி

லொறியில் வந்து சேர்ந்தது. இரண்டையும் சாக்கு விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முன்பக்கம் எது எதென்று தெரியாத அளவுக்கு ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் பின்னால். என்னுடையதில் வெளியே வரும் தண்டு நீளம். அதன் மேல் ஒரு நீண்ட கூடு, கூட்டுக்குள் புஷ், கடைசியில் ஒயில் சீல். பின் அக்சிலுக்குப் போகும் புரொப்பலர் ஷாஃப்டின் முன்முனை, அதாவது யோக், அந்தச் சீல் வழியாக உள்ளே போய்த் தண்டின் பல்லில் ஏறும். ஸ்பீடோமீட்டர் பல்சக்கரமும் அந்தக் கூட்டுக்குள்ளேதான். வந்ததில் தண்டு கட்டை. ட்ரான்ஸ்ஃபர் பெட்டிக்குள் நுழைவதோடு அதன் வேலை முடிந்தது. புஷ் இல்லை, சீல் நிற்க இடமில்லை, ஸ்பீடோமீட்டர் பல்லும் இல்லை.

அண்ணை பழைய கூட்டின் கெஸ்கட்டைப் புதியதின் முதுகில் வைத்துப் பார்த்தார். ஓட்டைகள் எல்லாம் நேராக விழுந்தன. அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி குடித்தார்.

பக்கத்து வளவுப் பெடியன் வேறு யோசனை சொன்னான். ட்ரான்ஸ்ஃபர் பெட்டியையும் வாங்கிப் பூட்டிவிட்டு, முன் ஷாஃப்டைப் போடாமல் விட்டால் தண்டை மாற்றவே தேவையில்லை, லோ கியரும் சும்மா கிடைக்கும். கேட்க நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் கியர் பொக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை நகர்த்த வேண்டும், புரொப்பலர் ஷாஃப்டை வெட்டி மறுபடி பலன்ஸ் பண்ண வேண்டும், லீவருக்குத் தரையில் ஓட்டை போட வேண்டும். லோவில் போட்டு நெல்மூட்டையோடு சேற்றில் மிதித்தால், நாலு சில்லுக்குப் பிரிய வேண்டிய இழுவை முழுவதும் பின் அக்சிலில் ஏறும். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. பழைய தண்டையும் கூட்டையும் புதியதற்கு மாற்றினால் நீளம் பழையபடியே வரும், ஷாஃப்டும் தாங்கியும் இருந்த இடத்திலேயே பூட்டப்படும். வேலை கூடத்தான், ஆனால் வண்டியில் ஒன்றையும் வெட்டத் தேவையில்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். கராஜ் பூட்டு.

ஜனவரி 17, புதன்

பின்தண்டை மாற்றுவதென்றால் பின்னால் இழுத்து எடுப்பது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை. பின்கூட்டைக் கழற்றி, பான், ஒயிலைக் கிளச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் வால்வ் பொடி எல்லாம் எடுத்து, பிறகு முன்னாலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரவேண்டும்: ஒயில் பம்ப், ஓவர்டிரைவ் பகுதி, இரண்டு கிளச், முன் பிளானட்டரி என்ற பல்சக்கரத் தொகுதி. கடைசியில்தான் பின் பிளானட்டரியோடு தண்டு வரும். இரண்டு கியர் பொக்ஸுக்கும் இதே வேலை. மேசை முழுக்கப் பழைய பத்திரிகை விரித்து, கழன்ற ஒழுங்கிலேயே அடுக்கினார். வால்வ் பொடியின் போல்ட்டுகள் ஒரே நீளமில்லை என்பதால் மட்டையில் படம் கீறி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தார்.

யுத்தகாலப் பொருளாதாரத் தடை இருந்த நாளில் மண்ணெண்ணெயில் கார் ஓட வைத்த கை அது. இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம்.

என் பழைய தண்டின் பல்லை விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். எங்கும் தடக்கவில்லை. முன் கிளச் தட்டுகள் மட்டும் கரிக்கட்டை.

ஜனவரி 20, சனி

திரும்பப் பூட்டு. புதுக் கிளச் தட்டுகளை ஓட்டோ கியர் பொக்ஸுக்கு விடும் ஏடிஎஃப் ஒயிலில் ஊறவைத்துத்தான் போட்டார். பின்கூட்டுக்குப் புதுப் புஷ், புதுச் சீல். புஷ் தேய்ந்திருந்தால் யோக் ஆடி, எந்தச் சீலும் நிற்காதாம். ஸ்பீடோமீட்டர் பல்லும், வேகத்தைக் கொம்பியூட்டருக்குச் சொல்லும் சென்சரின் வளையமும் பழைய தண்டோடேயே வந்துவிட்டன. அந்தச் சிக்னல் இல்லாவிட்டால் கியர் எப்போது மாறுவதென்று கொம்பியூட்டருக்குத் தெரியாது.

மூடுவதற்கு முன் ஒயில் துளைகளில் காற்றடித்தார். ஒவ்வொரு கிளச்சும் உள்ளே ‘டொக்’ என்று சத்தம் போட வேண்டும். ஒன்று போடவில்லை. கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் ரப்பர் வளையம் மடிந்திருந்தது. மாற்றியதும் போட்டது.

கூலரையும் குழாய்களையும் கழுவி ஊதினோம். பழைய இரும்புத்தூள் அதற்குள் இருந்தால் இந்தப் பொக்ஸுக்கும் அதே கதிதான்.

ஜனவரி 23, செவ்வாய்

பூட்டியாயிற்று. எஞ்சினின் சுழற்சியைக் கியர் பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கொன்வேட்டர் பம்ப்பின் பல்லில் முழுதாக இறங்கியதா என்று சட்டம் வைத்து அளந்தபின்தான் எஞ்சினோடு சேர்த்தார். இறங்காமல் போல்ட்டை இறுக்கினால் பம்ப் உடைந்துவிடும். த்ரொட்டில் கேபிளை, முழுதாக மிதித்த நிலையில் இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்குள் இருக்கும்படி வைத்தார்.

ஏ9இல் முறிகண்டி வரை ஓடினோம். நாலு கியரும் மாறுகின்றன, ஸ்பீடோமீட்டர் முள் ஆடாமல் ஏறுகிறது. இரண்டாவதிலிருந்து மூன்றாவது கொஞ்சம் இழுத்துத்தான் விழுகிறது. கேபிளை அரை மில்லி இறுக்கினால் சரியாகுமாம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய்த் திரும்பப் ‘பி’யில் விட்டு ஒயில் பார்த்தோம். அளவு சரி. சீலடியில் ஈரமில்லை.

மிஞ்சிய கட்டைத் தண்டை அண்ணையே வைத்துக்கொள்கிறார், கூலியில் கழித்துக்கொள்வாராம். முதல் லோட் நெல் வெள்ளிக்கிழமை.