முகமதன்: ஏறிய வருஷமும் இந்த வருஷமும்

இந்தியக் கால்பந்தின் மேல்மட்டப் போட்டியான ஐஎஸ்எல்லின் (இந்தியன் சூப்பர் லீக்) 2024-25 சீசன் லீக் ஆட்டங்கள் முடிந்து புள்ளிப் பட்டியல் முழுசாக வந்துவிட்டது. 13 அணிகளில் 13ஆவது இடத்தில் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப். 24 ஆட்டம், 2 வெற்றி, 7 டிரா, 15 தோல்வி. அடித்த கோல் 12, வாங்கியது 43. போன வருஷம் இதே நாட்களில், 2024 ஏப்ரல் 6 அன்று, இதே கிளப் ஷில்லாங்கில் லாஜாங் அணியை 2-1 என்று வென்று ஐஎஸ்எல்லுக்கு அடுத்த கீழ்ப்படியான ஐ லீகில் தன் முதல் பட்டத்தை உறுதி செய்தது. அந்த வெற்றிதான் ஐஎஸ்எல் கதவைத் திறந்துவிட்டது.

"கீழ் லீகில் ஜெயிப்பது வேறு, மேலே ஆடுவது வேறு, அடி வாங்கத்தான் செய்வார்கள்" என்று கேட்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. இரண்டு சீசனையும் கூடவே இருந்து பார்த்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன்: இந்த அணி தரம் போதாமல் மட்டும் கீழே போகவில்லை. போன வருஷம் நெருக்கமான ஆட்டங்களைக் கடைசியில் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இந்த வருஷம் அதே மாதிரி ஆட்டங்களைக் கடைசியில் கைவிட்டது. அந்தக் கடைசிப் பத்து நிமிடங்களுக்குப் பின்னால் நிறைய விஷயம் இருக்கிறது.

ஒரு தமிழ்ப் பெண்ணுக்கும் முகமதனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கணவருக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றலாகி, பார்க் சர்க்கஸ் பக்கம் வாடகைக்கு இருந்தோம். கீழ் வீட்டு சாச்சா தீவிரமான முகமதன் ஆள். 1934இல் தொடங்கி வரிசையாக ஐந்து வருஷம் கல்கத்தா லீக் பட்டத்தை முகமதன் ஜெயித்ததை, அந்தப் பட்டத்தைத் தொட்ட முதல் இந்திய கிளப் அதுதான் என்பதை, நேற்று நடந்தது போலச் சொல்வார். அப்போது அவர் பிறக்கவே இல்லை. என் பையன் அவரிடம் ஒட்டிக்கொண்டான். பையனுக்குத் துணையாக நானும் போகத் தொடங்கி, அப்புறம் அவன் பரீட்சைக்குப் படித்த நாட்களிலும் நான் மட்டும் போனேன்.

2023-24 சீசனில் அணியின் வீட்டு ஆட்டங்கள் பெரும்பாலும் நைஹாட்டியில் நடந்தன. சியால்டாவில் லோக்கல் பிடித்தால் சுமார் ஒரு மணி நேரம். போகிற வழியிலேயே பெட்டி முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சட்டைகள் ஏறிவிடும். "ஜான் ஜான் மொஹமேடன்" என்று யாராவது ஆரம்பித்தால் நைஹாட்டி வரை ஓயாது. அந்த ரயிலில் இருந்த எல்லாருடைய மனதிலும் 2022 மே மாதம் இருந்தது. சால்ட் லேக் மைதானத்தில், நிறைந்த கூட்டத்துக்கு முன்னால், கோகுலம் கேரளாவிடம் 2-1 என்று தோற்றுப் பட்டத்தை விட்ட ஆட்டம். அன்றைக்குப் பயிற்சியாளராக இருந்த ரஷ்யர் ஆந்த்ரே செர்னிஷோவ் இடையில் விலகிப் போய், திரும்பி வந்திருந்தார். இந்தத் தடவை விடமாட்டார் என்று சாச்சா சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவரும் விடவில்லை. ஷில்லாங் ஆட்டம் முடிந்தபோது 23 ஆட்டத்தில் 52 புள்ளி, ஒரே ஒரு தோல்வி. அழகான கால்பந்து என்று சொல்லமாட்டேன். பின்வரிசை இறுக்கமாக நிற்கும், கானா நாட்டு ஜோசஃப் அட்ஜெய் பந்தைத் தலையால் வெளியே தள்ளிக்கொண்டே இருப்பார், நடுவில் உஸ்பெக்கிஸ்தானின் மிர்ஜலோல் காசிமோவ் ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பார். அர்ஜென்டினாவின் அலெக்சிஸ் கோமஸ் கால் பட்டால் ஏதாவது நடக்கும். ஷில்லாங்கில் முதல் நிமிடத்திலேயே கோல் போட்டது அவர்தான். லாஜாங் பெனால்டியில் சமன் செய்த பிறகு, இரண்டாம் பாதியில் கோஸ்லோவ் வெற்றி கோலை அடித்தார். முக்கியமான விஷயம், கோல் ஒருவரை நம்பி இல்லை. ஹோண்டுராஸின் எடி ஹெர்னாண்டஸ் அடிப்பார், மிசோரம் பையன் டேவிட் லால்லன்சங்கா அடிப்பார், இருவரும் அடிக்காத நாளில் அலெக்சிஸோ கோஸ்லோவோ அடிப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் 2020இல் ஐஎஸ்எல்லுக்குள் வந்தன. ஒன்று ஏற்கெனவே லீகில் இருந்த அணியோடு சேர்ந்து வந்தது, இன்னொன்று முதலீட்டாளரைக் கூட்டிக்கொண்டு வந்தது. கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்களில் களத்தில் ஜெயித்து ஏறியது முகமதன் மட்டும்தான். அந்தக் கர்வம் சாச்சாவுக்கு மட்டுமில்லை, எனக்கும் உண்டு.

அந்தக் கோடையில் நாங்கள் சென்னைக்கே திரும்பிவிட்டோம். அணியும் மாறியது. ஹெர்னாண்டஸ் இல்லை. டேவிட் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். முன்வரிசைக்கு மான்சோக்கியும் பிரேசிலின் கார்லோஸ் ஃபிரான்காவும் வந்தார்கள், பின்வரிசைக்கு பிரெஞ்சுக்காரர் ஃப்ளோரென்ட் ஓகியர்.

முதல் மூன்று ஆட்டங்களைப் பாருங்கள். நார்த் ஈஸ்டுடன் 90 நிமிடம் தாண்டிய கூடுதல் நேரத்தில் ஒரு கோல் வாங்கி 0-1. கோவாவுடன் அலெக்சிஸின் பெனால்டியில் முன்னிலை; கூடுதல் நேரத்தில் கோவா வீரர் சாதிகு அடிக்க, 1-1. மூன்றாவது ஆட்டம் இங்கே, சென்னை நேரு மைதானத்தில், செப்டம்பர் 26 அன்று. சென்னையின் எஃப்சி ரசிகர்கள் சூழ உட்கார்ந்திருந்தேன். லால்ரெம்சங்கா ஃபனாய் முதல் பாதியில் கோல் போட்டார், அதை ஆட்டம் முடியும்வரை காப்பாற்றினார்கள். முகமதனின் முதல் ஐஎஸ்எல் வெற்றி என் ஊரில் நடந்தது. அன்று நான் பார்த்தது அச்சு அசலாக நைஹாட்டி முகமதன். அதே இறுக்கம், அதே பொறுமை. கூடுதல் நேரத்தில் வாங்கிய அந்த இரண்டு கோலும் இல்லாவிட்டால் மூன்று ஆட்டத்தில் 7 புள்ளி இருந்திருக்கும். அணிக்குத் தரமில்லை என்கிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த மூன்று ஆட்டங்களைத்தான்.

அப்புறம் அக்டோபர். மோகன் பகானிடம் 0-3, கேரளாவிடம் 1-2, ஹைதராபாத்திடம் 0-4. கேரளா ஆட்டத்தில் கிஷோர் பாரதி மைதானத்தில் நம் ஆட்கள் சிலர் பாட்டில் வீசினார்கள். டிவியில் பார்த்தபோது அவமானமாக இருந்தது. அந்தக் கூட்டத்தை எனக்குத் தெரியும், அவர்களில் பெரும்பாலானவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை.

ஆனால் என்னை இன்னும் விடாமல் வாட்டுவது நவம்பர் 9, ஈஸ்ட் பெங்கால் ஆட்டம். அதுவரை அவர்கள் ஆறு ஆட்டமும் தோற்று ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அரை மணி நேரம் ஆவதற்குள் நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகருக்கு சிவப்பு அட்டை, உடனே மகேஷுக்கும் சிவப்பு அட்டை. ஒன்பது பேருக்கு எதிராக ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆடி ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை, 0-0. அன்றைக்கு ஹெர்னாண்டஸோ டேவிட்டோ எதிரணியின் பெனால்டி பெட்டிக்குள் நின்றிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. 24 ஆட்டத்தில் 14இல் கோலே இல்லை என்ற கணக்கை அந்த ஒரு மாலை புரியவைத்துவிடும். அதே மாதக் கடைசியில் பெங்களூரு. மான்சோக்கி ஆரம்பத்திலேயே கோல் போட்டு, 80 நிமிடம் தாண்டியும் முன்னிலை. சேத்ரியின் பெனால்டி, அப்புறம் கூடுதல் நேரத்தின் விளிம்பில் ஓகியர் மேல் பட்டு உள்ளே போன பந்து. 1-2.

இத்தனைக்கும் நடுவில்தான் சம்பளப் பிரச்சினை. கிளப்புக்கும் முதலீட்டாளர்களுக்கும் இடையே இழுபறி. ஜனவரியில் வீரர்கள் பயிற்சிக்கு வர மறுத்தார்கள். மாதக் கடைசியில் செர்னிஷோவே, மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்று சொல்லி விலகினார். கிளப்பை மேலே ஏற்றிய மனிதர் அப்படிப் போனது எனக்குப் பெரிய துக்கம். மெஹ்ராஜுத்தீன் வாடூ பொறுப்பேற்றார்.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த சீசனின் மிக நல்ல காலம் அந்தச் சம்பளம் வராத நாட்களில்தான் அமைந்தது. டிசம்பர் கடைசியில் ஒடிசாவுடன் 0-0. ஜனவரி தொடக்கத்தில் நார்த் ஈஸ்டுடன் 0-0. ஜனவரி 11 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது காசிமோவின் ஃப்ரீ கிக்: 1-0. பெங்களூரு பின்னால் இறுதிப் போட்டி வரை போன அணி. நான்கு நாள் கழித்து கிஷோர் பாரதியில் சென்னையின் எஃப்சியிடம் 0-2 என்று பின்தங்கி, கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் திருப்பினார்கள், இரண்டாவது மறுபடி ஃபனாய். நான்கு ஆட்டம் தோல்வியே இல்லை. ஏறிய வருஷத்தின் பிடிவாதம் அப்படியே இருந்தது. வீட்டு வாடகைக்கு என்ன செய்தார்களோ தெரியாத நிலையில் ஆடிய வீரர்கள் இவர்கள். இவர்களைப் பார்த்து 'தரமில்லை' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பயிற்சியாளர் போன பிறகு அது உடைந்தது. மும்பையிடம் 0-3 தோற்ற கையோடு அவர் விலக, மோகன் பகானிடம் 0-4, ஹைதராபாத்திடம் 1-3, ஈஸ்ட் பெங்காலிடம் 1-3. அந்தக் கடைசி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்காலின் மூன்றாவது கோலை அடித்தது டேவிட். சாச்சா அன்று இரவு போனில் டேவிட்டைத் திட்டவே இல்லை. "நம் பையன் நன்றாக ஓடினான்" என்றார். மீதி ஆட்டங்களைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

2024-25 ஐஎஸ்எல்லில் கடைசி இடத்துக்கு வந்த அணியைக் கீழே இறக்கும் விதி இருக்கவில்லை. அதனால் முகமதனுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. இதைப் படிக்கிற கிளப் ஆட்கள் யாராவது இருந்தால் என் வேண்டுகோள் இதுதான். புது ஸ்ட்ரைக்கரைத் தேடும் முன்னால், காசிமோவில் தொடங்கி பெஞ்சில் உட்கார்ந்த கடைசிப் பையன் வரை, இந்த சீசனில் ஆடியவர்களின் பாக்கியை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். செர்னிஷோவுக்கும் கொடுங்கள். ஃபனாயை எந்த விலைக்கும் விடாதீர்கள். அப்புறம் பெட்டிக்குள் நின்று கோல் அடிக்க ஒருவரை, பெயரைப் பார்க்காமல் கோல் கணக்கைப் பார்த்துக் கூட்டி வாருங்கள்.