முன் சீட்டு

வாடகை கேம்பர்வேன் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் ரப்பர் தோட்ட லயத்து வாசலில் நின்றதும் முதலில் ஏறியது பாட்டிதான். மடக்கு மேசையை இறக்கினார், ஏற்றினார். குட்டி அடுப்பின் மேல் கையை விரித்துச் சாண் போட்டார். "இதுல தோசைக்கல்லு நிக்காது."

அப்புறம் கேட்டார்: "காட்டுக்குப் போக இவ்வளவு காசா? விடியுமுன்னே பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போய் நாங்க சம்பளத்தோட காட்டுல நின்னோம்."

இது தாமான் நெகாரா, தேசியப் பூங்கா, பாட்டி என்றேன். மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர். வண்டி கோலா தாஹான் கிராமம் வரைதான், பிறகு தெம்பிலிங் ஆற்றைப் படகில் கடக்கணும்.

"அப்ப வண்டி எதுக்கு?"

நியாயமான கேள்விதான். பால்மரம் சீவியவர்களுக்குக் காடு வேலைத்தலம். அதை ரசிக்கப் போகும் ஆசை எங்கள் தலைமுறையில் வந்தது.

சரி, இப்போது முன் சீட்டுக்குத்தான் சண்டை. பாட்டி பெல்ட் போட்டாயிற்று.