அம்மாவின் நிறம்

ஜன்னலோரம் அம்மாவை உட்கார வைத்து எடுத்த முதல் கறுப்பு வெள்ளை பிலிம் ரோலை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பின்னால் வெள்ளைச் சுவர். ஒளியை அளக்கும் கேமரா மீட்டர் அந்தச் சுவரை நம்பி ஒளியைக் குறைத்துவிட்டது. முகம் இருண்டிருக்கும் என்று தெரிந்ததால், பிலிம் கழுவும்போது படத்தை வரவழைக்கும் மருந்தான டெவலப்பரில் மூன்று நிமிடம் கூடுதலாக விட்டேன். நெற்றியும் மூக்கு நுனியும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தன. கண்குழியில் ஒன்றுமே இல்லை. "யாருடா இது?" என்று அம்மா கேட்டது எனக்கு நிஜமாகவே வலித்தது.

பிலிமில் விழாத நிழலை எத்தனை நிமிடம் கழுவினாலும் வரவழைக்க முடியாது. கூடுதல் நேரம் ஏற்றிவிடுவது வெளிச்சம் பட்ட இடங்களைத்தான். கறுத்த தோலில் இது இன்னும் கடுமை. தோலின் நிறத்துக்கும் அதன் மேல் ஓடும் பளபளப்புக்கும் நடுவே உள்ள தூரம் பெரியது. அந்தத் தூரத்தில்தான் முகமே இருக்கிறது.

இப்போது நான் செய்வது இது. எச்பி5 பிளஸ் 400 வேக பிலிம். மீட்டரில் 200 என்று வைக்கிறேன், பிலிமுக்கு இரண்டு மடங்கு ஒளி கிடைக்கும். முகத்துக்குப் பக்கத்தில் போய், நிழல் விழுந்த கன்னத்தை மட்டும் அளந்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப், அதாவது ஒளியில் பாதி, குறைக்கிறேன். மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். அம்மாவின் நிழல் கன்னம் அவ்வளவு வெளுப்பு இல்லை. வெளுத்த தோலை நடுச் சாம்பலுக்கு ஒரு படி மேலே வை என்பது மண்டல முறையின், அதாவது கருப்பு முதல் வெள்ளை வரை சாயல்களைப் படிகளாகப் பிரித்து ஒளியை அளக்கும் முறையின், பழைய பாடம். அதை எல்லா முகத்துக்கும் பொருத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கழுவ டி-76 என்ற டெவலப்பர், சம அளவு தண்ணீர் கலந்து, 20 டிகிரி செல்சியஸ். 400-இல் எடுத்தால் 11 நிமிடம். 200-இல் எடுத்ததால் 9. முதல் அரை நிமிடம், பிலிமும் மருந்தும் இருக்கும் டேங்கைத் தொடர்ந்து கவிழ்த்து நிமிர்த்துவேன். பிறகு நிமிடத்துக்கு மூன்றே முறை, மெதுவாக. அதிகம் ஆட்டினால் நெற்றியில் புது டெவலப்பர் போய்க்கொண்டே இருக்கும், மறுபடி சுண்ணாம்புதான். சும்மா விட்டால் அங்கே மருந்து களைத்துப்போகும், நிழலில் வேலை தொடரும்.

லென்ஸுக்கு முன்னால் சிவப்பு பில்டர் மட்டும் வேண்டாம். உதடு தோலோடு கரைந்துவிடும்.

காய்ந்த நெகட்டிவை செய்தித்தாள் மேல் வைத்துப் பார்த்தேன். நெகட்டிவில் வெளிச்சம் கருப்பாகத்தான் விழும்; நெற்றி விழுந்த அந்தக் கருப்பான இடத்தின் வழியாகவும் எழுத்து படிக்க வந்தது, நெற்றி இந்த முறை சுண்ணாம்பாகவில்லை. அன்று இரவே பெரிதாக்கி அச்சிட்டேன். தட்டில் தாளை அசைக்க அசைக்க முதலில் தலைமுடி, பிறகு கண், அப்புறம் கன்னம் மெல்ல ஏறியது. இடது கண்ணுக்குக் கீழே, தோலைவிட ஒரு சாயல் மட்டுமே கறுத்த அந்தச் சின்ன மச்சமும் வந்தது.