பந்து பொறுக்கப் போன ஹினாட்டா

ஹைக்கியூ என்ற ஜப்பானிய வாலிபால் அனிமே (கார்ட்டூன் தொடர்) பார்த்தவர்களிடம் அதன் நாயகன் ஹினாட்டா ஷோயோவைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் அந்தத் தாவலைத்தான் சொல்வார்கள். கராசுனோ பள்ளி அணியில் சேரும்போது உயரம் 162 செ.மீ சொச்சம், வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் எல்லாம் பனைமரம் மாதிரி, இவன் ஆரம்பத்தில் கண்ணை மூடிக்கொண்டே எகிறுவான், பந்தைத் தூக்கிக் கொடுக்கும் அணித்தோழன் காகேயாமா சரியாக அந்தக் கைக்கே பந்தைக் கொண்டுவந்து வைப்பான். சரி, அது அழகுதான். ஆனால் எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது வேறு இடத்தில்.

மியாகி மாகாணத்து முதலாமாண்டு வீரர்களின் பயிற்சி முகாமுக்கு அவனை யாரும் கூப்பிடவே இல்லை. கூப்பிடாமலே போய் நிற்கிறான், முகாமை நடத்தும் கோச் வாஷிஜோவிடம் திட்டு வாங்குகிறான், கடைசியில் பந்து பொறுக்கிப் போடுகிற வேலைதான் கிடைக்கிறது. ஓரமாக நின்று பந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே, அடிப்பவன் எப்படி ஓடி வருகிறான், எடுப்பவன் ஏன் அந்த இடத்தில் நிற்கிறான் என்று கண் கொட்டாமல் பார்க்கிறானே, அந்தப் பார்வை! அதுவரை தாவலை மட்டுமே நம்பியிருந்த பையன் ரிசீவ் (எதிரணி அடிக்கும் பந்தை எடுப்பது) கற்றுக்கொள்ள ஆரம்பிப்பது அங்கேதான்.

அப்புறம் மங்காவில் (இந்த அனிமேவின் மூலப் படக்கதையில்), பள்ளி முடித்து பிரேசிலின் ரியோவுக்கே போய்விடுகிறான். சைக்கிளில் சாப்பாடு டெலிவரி, மிச்ச நேரமெல்லாம் கடற்கரை மணலில் வாலிபால். கூட ஆட ஒரே ஒரு ஆள்தான், எடுப்பதும் கொடுப்பதும் அடிப்பதும் எல்லாமே தெரிந்தாக வேண்டும். அந்தப் பக்கங்களை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கே இல்லை.