பத்திரம் பதிந்தாலும் நிலம் நகராட்சிக்குப் போகவில்லை

எங்கள் விளையில் (தோட்டத்தில்) ரோட்டை ஒட்டிய மூன்று சென்ட்டை அங்கன்வாடி கட்ட நகராட்சிக்குக் கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. கொடுத்தாயிற்று, பட்டாவும் நகராட்சி பெயருக்கு மாறி போன வாரம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் சும்மா நிலம் கொடுக்கிறவர்களை இப்படியா அலையவிடுவது? எழுதி வைத்தால் அடுத்து கொடுக்க நினைப்பவர்களுக்காவது உதவும். குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், கேரள எல்லையோரத்து நகராட்சி. பெயர் வேண்டாம்.

மனு கொடுத்தது, வார்டு கவுன்சிலர் பரிந்துரைத்தது எல்லாம் தடங்கல் இல்லாமல் முடிந்தன. முதல் தடை மூலப்பத்திரத்தில் வந்தது. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள். தாத்தா நிலம் வாங்கிய பிரமாணம், அதாவது பத்திரம், திருவிதாங்கூர் சங்கு முத்திரைத் தாளில், மலையாளத்தில் எழுதியது. தேதி 1119 மேட மாதம். அதைப் புரட்டிப் பார்த்த நகராட்சி எழுத்தர், "வருஷம் தப்பா இருக்கு, திருத்திட்டு வாங்க" என்று கோப்பைத் திருப்பித் தள்ளினார். எண்பது வருடத்துக்கு முந்தைய பத்திரத்தை யாரிடம் கொண்டுபோய்த் திருத்துவது? "சார், இது கொல்லம் ஆண்டு, மலையாள வருஷம். மேட மாதத்துக்கு 825 கூட்டினா இங்கிலீஷ் வருஷம் 1944 வரும்" என்றேன். "எனக்குச் சொல்லி என்ன, எழுத்துல கொண்டு வாங்க" என்றார்.

களியக்காவிளையில் பஸ் ஏறி, எல்லைக்கு அப்பால் கேரளத்தில் இருக்கும் பாறசாலை போனேன். அங்கே ஆதாரம் (பத்திரம்) எழுதி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு விரலால் வரிவரியாகத் தடவி வாசித்தார். நாலெல்லை வந்ததும் நிறுத்தி, "கிழக்கே இடவழி என்று எழுதியிருக்கிறது, கவனித்தீர்களா?" என்று கேட்டார். இடவழி என்றால் குறுகலான நடைவழி. வீட்டில் இருந்த பழைய தமிழ்க் குறிப்பில் அந்த வரியே இல்லை. அந்த ஒரு வரிதான் பின்னால் பக்கத்து வேலிக்காரரின் ஆட்சேபணைக்கும், நகராட்சி வக்கீலின் சந்தேகத்துக்கும் பதிலாக நின்றது. உங்களிடமும் மலையாளப் பிரமாணம் இருந்தால் சுருக்கம் வேண்டாம், முழுவதையும் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்கி வையுங்கள். பிரமாணத்தில் சென்ட், பட்டாவில் ஆர் (100 சதுர மீட்டர்) என்று இருக்கும். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். தானப் பத்திரத்தில் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது நிபந்தனை. வெறுமனே 'பொது உபயோகத்துக்கு' என்று எழுதினால் போதும் என்றார் வக்கீல். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு அங்க குப்பை வண்டிய நிறுத்தினா யாரு கேக்கது?" என்றாள். கடைசியில் 'அங்கன்வாடி மற்றும் குழந்தைகள் நலப் பணிகளுக்காக' என்று பத்திரத்தில் ஏறியது. அவளுடைய பிடிவாதத்துக்குக் கிடைத்த வெற்றி அது.

பதிவு சுலபமாக முடிந்தது. அம்மாவால் நடக்க முடியாது என்று பதிவுச் சட்டம் 31வது பிரிவின்படி மனு கொடுத்தோம், சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கினார். "அவ்வளவுதான், இனி எங்க வேலை" என்று அனுப்பினார் நகராட்சி எழுத்தர்.

கட்டிடத்துக்கு எஸ்டிமேட் போடச் சொல்லிப் பொறியாளரிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. "நிலம் எங்க ரெக்கார்டுல இல்லையே" என்றார். பட்டா இன்னும் அம்மா பெயரில். மன்றத் தீர்மானம் கிடையாது. பத்திரம் பீரோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. சொத்து மாற்றுச் சட்டம் 122வது பிரிவின்படி, கொடுப்பவர் உயிரோடும் கொடுக்கும் தகுதியோடும் இருக்கும்போதே பெறுபவர் தானத்தை ஏற்க வேண்டும். அந்த வாரம் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நகராட்சி ஏற்றுக்கொண்டதற்கு எங்கள் கையில் ஒரு தாள்கூட இல்லை. பத்திரத்திலேயே ஆணையர் 'ஏற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்திட்டிருந்தால் இந்தப் பயமே வந்திருக்காது. அதைக் கேட்டதற்கு, "தீர்மானம் பிறகு போட்டுக்கலாம்" என்று தட்டிவிட்டவர் அதே எழுத்தர்தான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேரில் கேட்டால் "அடுத்த கூட்டம்" என்ற ஒரே பதில். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு, 'எங்கள் தானத்தை ஏற்ற தீர்மானத்தின் நகல் தருக' என்று ஒரே கேள்வி கேட்டேன். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டுமே, கோப்பு உடனே நகர ஆரம்பித்தது. கவுன்சிலர் அக்கா விடாமல் பேசி நிகழ்ச்சி நிரலில் பொருளாகச் சேர்க்க வைத்தார். தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. அம்மா அப்போது வீடு திரும்பியிருந்தாள். நகலை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

அதற்குப் பிறகு தாலுகா ஆபீஸ். சர்வே எண்ணில் ஒரு பகுதியை மட்டும் கொடுப்பதால் உட்பிரிவு செய்தால்தான் பட்டா மாறும். அந்த மனுவை நகராட்சி போடும் என்று காத்திருக்காதீர்கள். தீர்மான நகல், பத்திர நகல், வரைபடம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அவர்களைப் போட வையுங்கள். புது உட்பிரிவு எண் வந்ததும் மீதி நிலத்துக்கு உங்கள் பட்டாவும் சரியாகப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் பரப்பு குறைத்து ஏறியிருந்தது. திருத்த மனு கொடுத்திருக்கிறேன்.